வெள்ளை அரளி வந்த பிறகு

கெடிலக்கரைத் தெருவைக் காலி செய்துவிட்டு மேட்டுப் பக்கம் அரசு கட்டியிருக்கும் புது வீடுகளுக்குப் போய்விடலாம் என்று பவானி கோடை முழுவதும் வீடு வீடாகப் பேசினாள். போன ஐப்பசி வெள்ளம் தில்லையம்மாளின் மகனைக் கொண்டுபோயிருந்தது. அடுத்த மழைக்குள் தெரு நகர்ந்தாக வேண்டும். சிதம்பரத்து ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தும் அவள் ஒரு வாசலையும் விடவில்லை. தாயில்லாத அவளை வளர்த்தவள் அக்கா மங்கலம். மகளிர் குழுத் தலைவி தன் தங்கை என்று யாரும் கேட்காமலே சொல்லிவிடுவாள்.

கடைசியில் தெருப் பெரியவர் கலியமூர்த்தி முட்டுக்கட்டை போட்டார். "மாரியாத்தாள கேக்காம எப்படிம்மா போறது? பூக்கட்டிப் பாத்துடுவோம்."

ஊரும் அதையே சொன்னது. ஆத்தாள் முன்னால் வைக்கும் இரண்டு இலைப் பொட்டலங்களில் ஒன்றைக் குழந்தை எடுக்கும்; சிவப்பு அரளி வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் கூடாது. பூவை இலையில் மடிக்கும்போது மங்கலம் தங்கையின் காதருகே குனிந்தாள்.

"ரெண்டுலயும் செவப்பையே வச்சிடறேன்டி. யாருக்குத் தெரியப் போவுது?"

"வேணாங்க்கா. நாளைக்கு அங்க யாருக்காவது ஒண்ணு ஆனா, இவுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

கலியமூர்த்தியின் பேத்தி எடுத்த பொட்டலத்தில் வெள்ளை அரளி இருந்தது.

தில்லையம்மாள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பவானி விழுந்து கும்பிட்டு எழுந்தாள். "ஆத்தா வேணான்னுட்டா. நான் போவல, இங்கயே இருந்து வெளக்கு ஏத்தறேன். புள்ளைங்கள வச்சிருக்கறவங்க போங்க. சொல்ல மீறின குத்தம் என்மேல வரட்டும்."

"தண்ணி வந்தா என்ன செய்வ? நீச்சல் தெரியுமா ஒனக்கு?" என்றார் கலியமூர்த்தி.

"இனிமேதான் பழகணும் மாமா."



விடிந்ததும் தில்லையம்மாள் தன் மகளையும் மூட்டைகளையும் குட்டியானை வண்டியில் ஏற்றினாள். அதைப் பார்த்து அடுத்த வீடு, பிறகு எதிர்வீடு. மகனையும் பேத்தியையும் அனுப்பிவிட்டுக் கலியமூர்த்தி மட்டும் பிடிவாதமாக இருந்தார். "நீயாவது போக்கா" என்று பவானி சொல்லும்போதெல்லாம் மங்கலம் காதில் வாங்காதவள் போலக் குழம்பைக் கலக்கினாள்.

ஐப்பசியில் ஆறு படித்துறையைத் தாண்டியது. அன்று காலை கலியமூர்த்தி நனைந்தபடி வந்து நின்றார்.

"வண்டி சொல்லிட்டேன். ஆத்தாளையும் தூக்கிக்கிட்டுப் போயிடலாம் பவானி. குத்தம்னு வந்தா அதுல பாதி எனக்கு."

பவானி அக்காவைப் பார்த்தாள். மங்கலம் எரிகிற அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றினாள்.