கத்து அக்கா

பூத்ததெல்லாம் காய்க்காது என்பார்கள். அந்தச் சொல்லை மெய்ப்பிக்கவே முளைத்ததுபோல, எங்கள் பரங்கிக்கொடி தினமும் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து, பூத்ததையெல்லாம் உதிர்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. ஒரகடத்தில் கம்பெனி பஸ் நிற்கும் சாலைக்குப் பின்னால், ஒரே வரிசையில் ஐந்து வாடகை வீடுகள். அதற்கும் பின்னால் கொஞ்சம் காலி இடம். அங்கே பைக் ஷெட் போடவிருந்த வீட்டுக்காரரிடம் அம்மாவும் பக்கத்து வீட்டுத் தூத்துக்குடி அத்தையும் கெஞ்சிக் கூத்தாடித் தோட்டம் போட்டிருந்தார்கள். “பொங்கலுக்கு ஒரு காயாவது என் வூட்டுக்கு வரணும். வரலன்னா ஷெட்டுதான்” என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். கீரையையும் வெண்டையையும் மாடு மேய்ந்துவிட்டது. மிச்சம் இந்தக் கொடிதான்.

காவல் வேலை எனக்கு. “எது வந்தாலும் கத்துடி” என்பது அம்மாவின் உத்தரவு.

கடைசி வீட்டில் ஒரு பீகார் அக்கா இருந்தாள். வந்து ஆறு மாதமாகியும் யாரோடும் பேசியதில்லை. துணி காயப்போட வருவாள், கொடியை ஒரு பார்வை பார்ப்பாள், போய்விடுவாள். ஒரு காலையில் அவள் நேரே தோட்டத்துக்குள் நுழைந்து, ஒரு பூவைப் பறித்து, இதழ்களைப் பிய்த்துப் போட்டாள். வாயைப் பிளந்து நின்ற என்னைப் பார்த்து, கொடியைக் காட்டி, “கத்து! கத்து!” என்றாள்.

பறிக்கிறவளே கத்தச் சொல்கிறாளே! பெரியவர்கள் சொல்லைத் தட்டலாமா? தொண்டை கிழியக் கத்தினேன்.

அப்பா வாயில் பிரஷ்ஷோடு ஓடிவந்தார். நடு வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்த கம்பெனிப் பையன்கள் போர்வையோடு வந்தார்கள். வாடகை விஷயமாக வந்திருந்த வீட்டுக்காரரும் வந்தார்.

“இன்னாடி, மாடா?” என்றாள் அம்மா.

“மாடு இல்ல, இவதான்! பூவப் பிச்சுட்டாளே பாவி, இனி காய் எங்கன வரும்?” என்று அத்தை தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஓடவில்லை. அடியில் கோலிக்குண்டுபோல் புடைத்திருந்த இன்னொரு பூவுக்குள், கையிலிருந்த பூவின் மகரந்தத் தண்டை மெல்லத் தேய்த்தாள். “ஷாதி” என்றாள்.

“ஷாதின்னா கல்யாணம்!” என்று வீட்டுக்காரர் கூவினார். “பூவுக்குக் கல்யாணம் பண்ணிகினு கீதுப்பா, சும்மா இருங்க!”

“அப்போ இம்புட்டு நாளும் நம்ம கொடி கன்னியால்லா நின்னுருக்கு!” என்றாள் அத்தை. சிரிப்பில் தோட்டமே அதிர்ந்தது.

மறுநாளிலிருந்து விடிந்தால் முகூர்த்தம்தான். அப்பா பஸ் ஏறுமுன் ஒரு கல்யாணம் முடிப்பார். பையன்கள் மாப்பிள்ளைப் பூ தேடுவார்கள். கெட்டிமேளத்துக்குப் பதில் நான் கத்துவேன். கோலிக்குண்டு எலுமிச்சையாயிற்று, எலுமிச்சை தேங்காயாயிற்று. பொங்கலன்று முதல் காய் வீட்டுக்காரர் வீட்டுக்குப் போனது. இரண்டாவதில் பாதியை அம்மா கூட்டு வைத்தாள், பாதியை அக்கா வெந்தயம் தாளித்து வதக்கினாள். ஷெட்டுக்கு வாங்கிய தகரம் மாட்டுக்கு வேலியாயிற்று.

அவள் எங்கள் எல்லோருக்கும் ‘கத்து அக்கா’ ஆனாள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் கன்னத்தை உப்பவைத்துக் காட்டி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். காய் பிடித்ததே என் தொண்டையால்தான் என்று எனக்கு அசையாத நம்பிக்கை.

அவள் ஊரில் ‘கத்து’ என்றால் பரங்கிக்காய் என்பதோ, வாய் நிறைய அவளைப் ‘பரங்கிக்காய் அக்கா’ என்று அழைத்துக்கொண்டிருந்தோம் என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. தமிழ் நன்றாகப் பேசப் பழகிய பிறகும், அவள் ஒருநாள்கூட எங்களைத் திருத்தவில்லை.