கேட்காமல் எழுதிய பதில்

1971 ஜூலை 14, புதன்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, நான்கு இட்லி சாப்பிட்டு, எட்டு மணிக்குக் காரைக்குடியில் முஸ்லிம் குடும்பங்கள் வாழும் ஒரு தெருவுக்குப் போனேன். கருத்தடை எந்தப் பெண்களுக்குத் தேவை என்று வீடு வீடாகக் கேட்டு எழுதும் ஆய்வு வேலை எனக்கு. தேவை அதிகமுள்ள தெருக்களுக்கே நர்ஸ் அமர்த்த நிதி கிடைக்கும்.

கையிலுள்ள குடும்பப் பட்டியலில் கணவர் வெளிநாட்டில் என்று இருந்தால், கேட்காமலே ‘தேவையில்லை’ என்று எழுதிவிடுவேன். ஜைனம்பு என்ற பெண்ணின் வீட்டிலும் அப்படியே எழுதிவிட்டு எழுந்தேன்.

“என்னக்கா, ஒண்ணும் கேக்காமயே எந்திரிச்சிட்டீக?”

“உன் வீட்டுக்காரக சிங்கப்பூர்ல இருக்காக. உனக்கெதுக்கும்மா இது?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “ரெண்டு வருசத்துக்கு ஒருக்க ஒரு மாசம் லீவுல வாராகல்ல? நாலு லீவு, நாலு பிள்ளை. பேரு வைக்கிறது மட்டுந்தான் தபால்ல!”

பிறகு குரல் இறங்கியது. “இன்னொரு பிரசவம் உசுருக்கே ஆபத்துன்னு டாக்டரம்மா சொல்லிட்டாக. அதுக்கு என்ன வழின்னு கேக்கக் கூச்சமாப் போச்சு. அடுத்த மாசம் அவுக வாராக. நீங்களாக் கேப்பீகன்னு காலையிலேருந்து உக்காந்திருக்கேன்.”

அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுகிறேன் என்று பெருமைப்பட்டவள் நான். முதல் முறையாக ஒரு பதிலை அடித்துவிட்டு, அவள் சொன்னதை எழுதினேன். அன்று மாலையே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

மறுநாள் காலை முதல் வேலையாக, அதே தெருவில் முந்தைய நாள் நான் கேட்காமல் விட்டிருந்த ஒன்பது வீடுகளில் முதல் வீட்டுக் கதவைத் தட்டினேன். “நேத்து நானா எழுதிட்டேன்மா. இன்னைக்கு நீங்க சொல்லுங்க” என்றேன்.