கையில் விழுந்த எள்

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு வேலை பார்க்காத ஊர் குறைவு. எல்லா ஊரிலும் முதலாளிகள் என்மேல் சொல்லும் குறை ஒன்றுதான்: இவனுக்கு எதிலும் பயமில்லை. அந்தத் தைரியம் எனக்குக் குற்றாலத்தில், ஓர் ஆடி அமாவாசைக் காலையில் கிடைத்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. மன்னாரில் படகேறும்போது ஓர் ஆளுக்குத்தான் இடம் மிச்சம் இருந்தது. அம்மா என்னை ஏற்றிவிட்டு, அப்பாவும் தானும் அடுத்த படகில் வருவதாகச் சொன்னாள். அடுத்த படகு கரை சேரவில்லை. தென்காசிப் பக்கத்து அகதி முகாமில் அது எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தனியாக வந்த பிள்ளையைக் காப்பகத்துக்கு அனுப்புவதாகப் பேச்சு வந்தபோது, பக்கத்து அறைப் பெண் ஒருத்தி நான் தன் அக்கா மகன் என்று கூசாமல் சொல்லி என்னை வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் சித்தி, அவள் புருஷன் சித்தப்பா. உறவு என்பது அவ்வளவு சுலபமான காரியம் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன்.

அவர்களுக்கு நான் சுலபமாக இருக்கவில்லை. மதுரை ரயில் வரும் நேரம் பார்த்து ஸ்டேஷனுக்கு ஓடிவிடுவேன். இறங்குகிற முகங்களைப் பார்த்து முடிப்பதற்குள் சித்தப்பா சைக்கிளில் வந்துவிடுவார். திட்ட மாட்டார். பள்ளிக்கூடத்துக்கு மட்டும் நான் அசையவில்லை. அம்மா வந்து சேர்த்துவிடுவாள் என்பேன்.

சீசன் நாட்களில் சித்தப்பாவுக்கு ஐந்தருவியில் ஒரு சிப்ஸ் கடையில் நேந்திரங்காய் சீவும் வேலை. ஆடி அமாவாசையன்று தன் அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க மெயின் அருவிக்குப் போனார். நானும் சித்தியும் கூடப் போனோம். கடை முதலாளி அண்ணாச்சியும் அங்கே ஈர வேட்டியோடு உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். என்னைக் கண்டதும் அவருக்கு மனம் இளகிவிட்டது.

“சாமி, இந்தப் பயலுக்கும் சேத்துக் குடுங்க. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைலா. ஏலே, இங்கன வந்து உக்காருலே.”

உட்கார்ந்தேன். ஐயர் என் விரலில் தர்ப்பையை மாட்டி, உள்ளங்கையில் எள்ளை வைத்து, அப்பா பேரைக் கேட்டார். தொலைந்தவர்களை வரவழைக்கும் பூஜை போலும் என்று நினைத்து, கேட்காமலே அம்மா பேரையும் சேர்த்து உரக்கச் சொன்னேன்.

ஐயர் செம்பைச் சாய்க்கப் போன நேரத்தில் சித்தி பாய்ந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“தகப்பன் இருக்கிற பிள்ளை எள்ளைத் தொடலாமோ? என்ன வேலை பாக்கிறியள்!”

“ஏம்மா, உன் வீட்டுக்காரன்தான எங்கிட்ட...” என்று ஆரம்பித்த அண்ணாச்சியை சித்தி ஒரு பார்வை பார்த்தாள். அண்ணாச்சி ஐயரைப் பார்த்தார். ஐயர் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா அருவியைப் பார்த்தார்.

“சரிம்மா. இருக்காருன்னா இருக்காரு. நான் என்னத்தக் கண்டேன்” என்றார் அண்ணாச்சி.

சித்தி என் விரலிடுக்கெல்லாம் தேய்த்து, ஓர் எள் ஒட்டாமல் கழுவிவிட்டாள்.

சம்பளம் கொடுக்கிறவரையே எதிர்த்துப் பேசுகிறாள் என்றால் அவளிடம் உறுதியான தகவல் இருக்க வேண்டும். அத்தனை பேர் முன்னால் என் அப்பா உயிரோடு இருப்பது தீர்மானமாகிவிட்டது. இனி ஸ்டேஷனுக்கு ஓடவேண்டியதில்லை, வருகிறவர் தானே வருவார். பள்ளிக்கூடம் போகிறேன் என்று திரும்பும் பஸ்ஸிலேயே சித்தியிடம் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலகரம் தாண்டியும் என் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் முகாமில் சித்தி ஓட்டுக் கூரைமேல் இலை போட்டுக் காக்கைக்குச் சோறு வைத்தாள். சித்தப்பாவுக்கு இறந்துபோனவர் அவருடைய அப்பா ஒருவர்தான். இலையில் மூன்று உருண்டைகள் இருந்தன. காக்கைகள் நிறைய வரும் என்றுதான் சித்தி அப்படி வைத்திருக்கிறாள் என்று எண்ணிக்கொண்டு, தொண்டை கிழிய ‘கா, கா’ என்று கத்தி நானே அவற்றைக் கூப்பிட்டேன்.