ஜெனரலின் மேலங்கி

இதை யாரும் கதை கட்டிச் சொல்லவில்லை. சிவகௌரி இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில், மெல்பேர்ன் பக்கத்து டண்டினொங்கில்தான் இருக்கிறாள். கேட்டால் அவளே சொல்லுவாள். போன ஜூலை, ஒரு செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் நடந்தது.

அவளுக்கு ஓர் ஏலக் களஞ்சியத்தில் வேலை. ஏலத்துக்கு வரும் பழம்பொருட்களுக்குக் குறிப்பு எழுதவேண்டும். தற்காலிக விசா; அந்த வேலையும் போனால் கஷ்டம். அன்றைக்கு, செத்துப்போன சேகரிப்பாளர் ஒருவரின் பெட்டி வந்திருந்தது. உள்ளே சாம்பல் நிறக் கம்பளி மேலங்கி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் டாங்கிப் படைப்பிரிவு ஒன்றை நடத்திய ஜெனரல் ட்ரெப்னிட்ஸ் போட்டது. கூடவே அவருடைய போர் வரலாறு, நாலு பக்கம்.

1940 பிரான்ஸ். 1941 ரஷ்யா. 1943 உக்ரேன். ஆண்டுக்கொரு பதக்கம். தோற்று ஓடும்போதும் ஒன்று. கடைசியில் எண்பது வயதில், சொந்தக் கட்டிலில் சாவு. எரித்த ஊர்களுக்குப் பெயரே இல்லை. ‘துப்புரவாக்கப்பட்ட பகுதி’ என்று மட்டும் இருந்தது.

சிவகௌரி அந்த இடத்திலேயே வாசிப்பதை நிறுத்தினாள். பதின்மூன்று வயதில் முள்ளிவாய்க்காலில், பதுங்குகுழிக்குள் கிடந்தவள் அவள்.

“மாண்புமிக்க வீரர் எண்டு போடட்டாம், அக்கா. முதலாளி சொன்னவர்,” என்றான் பொருட்களைப் பொதி செய்யும் சுஜீதன்.

“ஆர், இவரோ?”

“ஓம். நான் சாப்பிட்டுட்டு வாறன்.”

2:50. ‘மாண்புமிக்க வீரர்’ என்று கணினியில் தட்டினாள். உடனே ஒரு நாற்றம். ஈரக் கம்பளி, டீசல், பொசுங்கிய மயிர்... மேலங்கியின் கழுத்துப்பட்டியைத் தொட்டாள். சூடாக இருந்தது. விரலில் வேர்வைப் பிசுக்கு ஒட்டியது. பாவாடையில் துடைத்தாள். போகவில்லை.

3:07. தரை அதிர்ந்தது. கட... கட... கட... பாரந்தூக்கி வண்டியாக்கும் என்று எட்டிப் பார்த்தாள். அது அணைந்து கிடந்தது.

3:10. அதிர்வு நின்றது.

மேலங்கிக்குள்ளிருந்து ஓர் ஆணின் குரல். மெதுவாக. தெரியாத பாஷை. பூனைக்குட்டியைக் கூப்பிடுவதுபோல... அதே வரி, திரும்பத் திரும்ப.

போனில் பதிவு செய்தாள். நாற்பத்தொரு விநாடி.

கழுத்துப்பட்டி மெல்லப் புடைத்தது...

தட்டிய சொல்லை அழித்துவிட்டு வெளியே ஓடினாள்.

சுஜீதன் வந்தபோது சொன்னாள். “அந்தச் சொல்லை அழிச்சுப்போட்டன். இனி எழுதமாட்டன். வேலை போனால் போகட்டும்.”

வெள்ளிக்கிழமை வேலை போனது. மேலங்கி அதே சொல்லோடு ஏலத்தில் போனது.

இரண்டு கிழமை கழித்து, பக்கத்து வீட்டு உக்ரேன்காரி ஒக்சானாவுக்குப் பதிவைப் போட்டுக் காட்டினாள். ஒக்சானாவின் முகம் இறுகியது. தன் பாஷைதான் என்றாள். ஆனால் ஜெர்மன்காரன் உச்சரிப்பில். அந்த வரிக்கு அர்த்தமும் சொன்னாள்.

‘டாங்கிகள் போய்விட்டன. பயமில்லை. பிள்ளைகளே, வெளியே வாருங்கள்.’

சிவகௌரி போனைக் கீழே வைத்தாள். இப்படிக் கூப்பிடும் குரலை அவளும் பதுங்குகுழிக்குள் கிடந்து கேட்டிருக்கிறாள்.

“மற்றது யாருடைய குரல்?” என்று கேட்டாள் ஒக்சானா.

“ஒரு ஆள்தானே கதைச்சது...”

ஒக்சானா சத்தத்தைக் கூட்டினாள். முப்பத்தெட்டாவது விநாடி. மிக மெல்லியதாக, இரண்டு மூன்று பிள்ளைகள், ஒரே குரலில், தமிழில்...

‘வாறம்.’