ஓட்டைப் பனியன் தொங்கிய சுவர்

பேருந்துப் பணிமனையில் அவளை டப்பாக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெயிண்ட் பிரிவில் சேர்ந்த முதல் பெண் அவள். சேர்ந்தபோது வயது இருபத்து நான்கு. இது நடந்தபோது ஐம்பத்தொன்று. ஒரு பேருந்துக்கு அடித்து முடித்தால் டப்பாவின் அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பெயிண்ட் மிஞ்சும். நாலு நாள் விட்டால் ஆடை கட்டிக் குப்பைக்குத்தான் போகும். மேஸ்திரியிடம் கேட்டு, வாசல் காவலரிடம் சீட்டு எழுதி வாங்கி, அந்த மிச்சத்தை அவள் வீட்டுக்குக் கொண்டுபோவாள். இருபத்தேழு வருஷத்தில் ஒரு டப்பாகூடச் சீட்டில்லாமல் வெளியே போனதில்லை. பட்டப்பெயர் வந்த வழி அதுதான்.

டப்பா மட்டும் போகவில்லை. கழித்துப் போட்ட சாமான்களும் அதே மாதிரி சீட்டோடு போயின. வீட்டு வாசலை ஒட்டி மாட்டியிருந்த முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு காலத்தில் யாரோ ஓட்டுநருக்குப் பின்னால் வரும் வண்டிகளைக் காட்டியது. ஜன்னல் திரை தொங்கிய குழாய், நின்றுகொண்டே போன பயணிகள் பிடித்துத் தொங்கியது. முகப்பு விளக்கின் வளையத்தில் மேசை விளக்கு. இருக்கைப் பலகைகளில் நாலு தட்டுப் புத்தக அலமாரி. அறுத்தது, இழைத்தது, துளை போட்டது, திருகு முடுக்கியது எல்லாம் அவள் கைதான். ஒவ்வொன்றின் அடியிலும் செய்த தேதியைப் பென்சிலால் எழுதிவைத்திருந்தாள்.

இவ்வளவுக்கும் மேலே அந்தச் சுவர். முன்னறையில், வாசலுக்கு நேர் எதிரே, நீளம் பதினோரு அடி நாலு அங்குலம், உயரம் ஒன்பது அடி. அதில் மூன்று கொடிகள் வரைந்து, கொடி நிறையத் துணி காயப் போட்டிருந்தாள். எல்லாம் பேருந்துக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டில் வரைந்தது. எல்லாம் அசல் அளவு.

அது தொடங்கிய விதம் இப்படி. பெயிண்ட் பிரிவில் துடைப்பதற்கு அவரவர் வீட்டிலிருந்து பழந்துணி கொண்டுவர வேண்டும். மகளுக்கு ஐந்து வயதானபோது சிறுத்துப்போன மஞ்சள் கவுனை அதற்காக எடுத்தாள். கத்தரிக்கோலைப் பிடித்தவளுக்குக் கை ஓடவில்லை. கவுனை நாடாவால் அளந்து, அதே அளவில், கழுத்துப் பட்டியின் தையல்கூடத் தெரியும்படி சுவரில் வரைந்தாள். அதற்குப் பிறகுதான் கிழித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தத் துணியும் சுவருக்குப் போகாமல் கந்தலாகப் போனதில்லை. பதினெட்டு வருஷத்தில் முப்பத்தொரு துணி. மகளுடைய பள்ளிச் சீருடைகள், அவளுடைய முதல் காக்கி மேல்கோட்டு, கணவர் வேலைக்குப் போன முதல் நாள் போட்டிருந்த சட்டை, எல்லாம் அங்கே தொங்கின. அசல் துணிகள் என்றைக்கோ பேருந்துகளின் பம்பரைத் துடைத்து மக்கிப்போயின. மிச்சம் இருந்தது சுவரில்தான்.

கணவர் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. கோப்புகளை நூல் பிடித்த மாதிரி அடுக்குகிற மனிதர். வீட்டில் குரலை உயர்த்தியதில்லை. அவருக்குச் சுவரில் ஒரே ஒரு குறை. இருபத்திரண்டாவது துணி, அவருடைய கை வைத்த பனியன். இடது அக்குளில் ஓட்டை. அவள் ஓட்டையையும் விடவில்லை. பிரிந்த நூல் மூன்றையும் சேர்த்து வரைந்துவிட்டாள்.

“வீட்டுக்கு வர்றவன் எல்லாம் முதல்ல என் அக்குளைத்தான் பாக்குறான்” என்பார். அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டு வந்ததை அவள் கவனிக்கவில்லை. அதற்காகப் பிற்பாடு தன்மேலேயே எரிச்சல்பட்டாள்.

அவருக்குப் பதவி உயர்வு வந்தது. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மேலதிகாரி மனைவியோடு வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். புதன்கிழமை அவளுக்குக் காலை ஷிஃப்ட். முடிந்து நாலு பத்துக்கு வீட்டுப் படியேறினாள். வாளியும் மட்டையுமாக வெள்ளையடிப்பவர் ஒருவர் இறங்கி வந்தார். அவள் கையிலிருந்த பெயிண்ட் கறையைப் பார்த்ததும், தொழில் தெரிந்தவள் என்று புரிந்துகொண்டு, கேட்காமலே சொன்னார்.

“அம்மா, நான் சொல்லிட்டேன். எனாமல் மேல உப்புத்தாள் போட்டுத் தேய்க்காம அடிச்சா நிக்காதுன்னு. சார்தான் நேரமில்ல, அடின்னாரு. அப்புறம் என்மேல வராதீங்க.”

அவள் உள்ளே போனாள். சுவர் வெள்ளையாக இருந்தது. மூலைக்கு மூலை, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி. ஈர வாடை அடித்தது. கண்ணாடி, விளக்கு, அலமாரி எதுவும் இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் கணவர் மூட்டை கட்டிப் பின்னறையில் போட்டிருந்தார். திருகு இருந்த இடங்களில் துளைகள் மட்டும் தெரிந்தன. அவர் ஓரமாக நின்று, வீடு வீடு மாதிரி இருக்க வேண்டாமா, ஒரு நாளைக்காவது நாலு பேரைப் போல இருப்போமே என்று ஏதேதோ சொன்னார். அவள் ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போனாள்.  

மறுநாள் மகளுக்கு ஃபோன் செய்து சொன்னாள். வெளியூரில் வேலையாக இருந்த மகள் “அப்ப என் கவுனும் போச்சாம்மா?” என்று மட்டும் கேட்டாள்.

அன்று சாயங்காலம் அவள் உள்ளறைக் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், கட்டைவிரல் நகத்தைச் சுவரில் வைத்து மெல்ல நெம்பினாள். வெள்ளை எமல்ஷன் பால் ஆடை மாதிரி எழும்பியது. அடியில் காக்கிக் கோட்டின் ஓரம், பளபளப்புக்கூடக் குறையாமல். எழும்பிய தோலைத் திரும்ப அழுத்தி ஒட்டினாள். துணிகள் உயிரோடுதான் இருந்தன. ஆனால் கோபம் தணிவதற்குப் பதிலாகத் தலைக்கு ஏறியது. ஒருவேளை ஒழுங்காகத் தேய்த்து அடித்திருந்தால்? முப்பத்தொன்றும் போயிருக்கும். தப்பியது அவருடைய அன்பால் அல்ல, அவசரத்தால்.

சனிக்கிழமை அவர் கடையிலிருந்து பெரிய படம் ஒன்று வாங்கி வந்தார். அருவிப் படம், கண்ணாடிச் சட்டம், நல்ல கனம். ஆணி அடித்தால் புதுச் சுவர் உதிரும் என்று இருபுறமும் ஒட்டுகிற நாடாவை நாலு மூலையிலும் ஒட்டி மாட்டினார். எனாமல் மேல் நிற்காத வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் நாடா. நாடாவில் கண்ணாடிச் சட்டம். எங்கே விட்டுக்கொடுக்கும் என்று பெயிண்ட் பிரிவில் நேற்றுச் சேர்ந்தவர்களுக்குக்கூடத் தெரியும். எட்டி நின்று பார்த்து, “நேரா இருக்கா?” என்று அவளிடம் கேட்டார்.

“நேராத்தான் இருக்கு” என்றாள். புதன்கிழமைக்குப் பிறகு அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது. அதில் பொய் ஏதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சரியாக நாலு ஐந்துக்கு அதிகாரியும் மனைவியும் வந்தார்கள். சுவரை ஒட்டிப் போட்டிருந்த நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். தேநீர் கொடுத்தாள். வீடு சுத்தமாக இருப்பதாக அதிகாரியின் மனைவி பாராட்டினார், கணவர் பூரித்துப்போனார். நாலு இருபதுக்குத் தலைக்கு மேலே மெல்லிய சத்தம் கேட்டது, யாரோ காகிதத்தை நிதானமாகக் கிழிக்கிற மாதிரி. எல்லோரும் திரும்புவதற்குள் அருவி கீழே சரிந்து நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்தது. கண்ணாடி நல்லவேளையாக உடையவில்லை. ஆனால் போகிற போக்கில் மூன்றடி நீளத்துக்கு வெள்ளைத் தோலை உரித்துக்கொண்டு போயிருந்தது. உரிந்த இடத்தில், நட்டநடுவில், பனியன். ஓட்டையும் மூன்று நூலும் அப்படியே.

அதிகாரியின் மனைவி எழுந்து கிட்டே போனார்.

“காயப் போட்ட துணியை எடுக்க மறந்துட்டீங்களா?” என்று கையை நீட்டித் தொட்டார். தொட்ட பிறகுதான் சுவர் என்று தெரிந்து கையை இழுத்துக்கொண்டார். அப்படி நிழல் கொடுத்து வரைந்திருந்தாள்.

கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அசடு வழியச் சிரித்துக்கொண்டு சொன்னார்:

“அது ஒண்ணுமில்ல மேடம். எங்களுக்கு வீட்டை வித்துட்டுப் போனவங்க யாரோ கிறுக்கி வச்சது.”

அவள் தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல், பார்த்து வைத்தாள்.

“கிறுக்கினது நான்தாங்க. அந்தப் பனியன் இவரோடது” என்றாள்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு முப்பத்தைந்துக்குக் கிளம்பிவிட்டார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது அதிகாரியின் மனைவி அவள் பக்கம் குனிந்து, தணிந்த குரலில், உபதேசம் மாதிரி, “வரைஞ்ச நேரத்துல அந்த ஓட்டையைத் தைச்சுக் குடுத்திருக்கலாமேம்மா” என்றார். எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் எண்ணெய்.

கதவைச் சாத்தியதும் கணவர் முந்திக்கொண்டார்.

“நிக்காதுன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்க. என் மானத்தை வாங்கணும்னு.”

“தெரியும். புதன்கிழமையே தெரியும். நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“பனியனை ஊருக்கே காட்டிக்கிட்டு இருக்க முடியுமா? எத்தனை தடவை சொன்னேன்?”

“பனியனை அழிக்கணும்னா பனியனை மட்டும் அழிச்சிருக்கணும். குழந்தை கவுன் என்ன பண்ணுச்சு? என் கோட்டு என்ன பண்ணுச்சு?” அவள் குரல் உயரவில்லை, தடித்தது. “அதைக்கூட விடுங்க. யாரோ கிறுக்கி வச்சதுன்னீங்களே. பதினெட்டு வருஷம் இதே அறையில உக்காந்து பேப்பர் படிச்சீங்க. நான் யாரோவா?”

அவர் குனிந்து அருவிப் படத்தை நிமிர்த்தி வைத்தார்.

“உரிங்க” என்றாள். “கத்தி வைக்கக் கூடாது. தின்னர் ஊத்தினா அடியில இருக்கறதும் சேர்ந்து போயிடும். ஈரத்துணி, கட்டைவிரல். அவ்வளவுதான்.”

அவர் உரித்தார். அலுவலகம் விட்டு வந்து, ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை, பதினோரு நாள். சில இடத்தில் முழத்துக்கு முழம் வந்தது; சில இடத்தில் நகம் நகமாகத்தான் வந்தது. அவள் கிட்டே போகவில்லை. மூட்டைகளைப் பிரித்துக் கண்ணாடியையும் விளக்கையும் அலமாரியையும் அதனதன் பழைய துளையில் திரும்ப முடுக்கினாள். நாலாம் நாள் பொறுமை இழந்து அவர் சமையலறைக் கத்தியை எடுத்துச் சுரண்டிவிட்டார். மஞ்சள் கவுனின் கழுத்துப் பட்டியில் ஒன்றேகால் அங்குலத்துக்குக் கீறல் விழுந்தது. அவள் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அந்தக் கீறலுக்கு அவள் கடைசிவரை பெயிண்ட் வைக்கவில்லை.

பதினோராம் நாள் சுவிட்சுப் பலகைக்குக் கீழே உள்ளங்கை அகல வெள்ளை மட்டும் பாக்கி. “அது இருக்கட்டும்” என்றாள். பணிமனையில் ஒவ்வொரு பேருந்துக்கும் அடித்து முடித்ததும் ஓரத்தில் எழுத்து வெட்டிய அட்டையை வைத்து, அதன்மேல் பெயிண்ட் தடவித் தேதி போடுவார்கள்: மேல் வரியில் அடித்த தேதி, கீழ் வரியில் அடுத்து அடிக்க வேண்டிய தேதி. அவள் அதேபோல அட்டை வெட்டி, அரை அங்குல எழுத்தில், சிவப்பு எனாமலில், மிஞ்சிய வெள்ளையின் மேல், சுவருக்கு வெள்ளையடித்த அந்தப் புதன்கிழமையின் தேதியைப் போட்டாள். கீழ் வரியைக் காலியாக விட்டாள்.

அவர் ஒருநாள் அதைப் பார்த்து, கீழே ஒன்றும் எழுதவில்லையே என்று கேட்டார். எழுதப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் பிரஷ்ஷைக் கழுவப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து, வெள்ளையில் நீலக்கோடு போட்ட அவருடைய சட்டை ஒன்றின் காலர் நைந்துபோனது. பதவி உயர்வு ஆணையை வாங்கிய நாளில் போட்டிருந்தது. அவர் அதைத் தாமே துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து, அவளுடைய பெயிண்ட் டப்பாக்கள் இருக்கிற அலமாரியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். வாயால் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது கொடியில் இன்னும் நாலு துணிக்கு இடம் இருந்தது. அளவு நாடாவும் பக்கத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை அவள் நாடாவைத் தொடாமலே அந்தச் சட்டையைப் பையில் எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். ஏழு நாற்பதுக்கு அதை நாலாகக் கிழித்தாள். முதல் துண்டால் ஒரு பேருந்தின் பின்பக்கத்தைத் துடைத்தாள்.