கழுதைக்காட்டுப் பெண்

ஊர்ப் பெயர்களுக்கு அர்த்தம் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. கோயம்புத்தூரிலிருந்து உடுமலைப்பேட்டைக்குப் பஸ்ஸில் போனால் பக்கத்து சீட்டுக்காரர் பாவம். பேட்டை என்றால் சந்தை கூடிய இடம், பாளையம் என்றால் படை தங்கிய இடம், வலசு என்றால் பிழைப்புத் தேடி வந்தவர்கள் குடியேறிய இடம் என்று இறங்கும்வரை விடமாட்டேன். புதூர்களைத்தான் ரொம்பப் பிடிக்கும். எத்தனை தலைமுறை போனாலும் அவை புதூர்தான்.

இவ்வளவு பேசுகிறவள், சொந்த இடத்தின் பெயரை மட்டும் வெளியே சொல்லமாட்டேன். எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். ஒவ்வொரு காட்டுக்கும் ஒரு பெயர். அங்கே குடியிருக்கிற குடும்பத்துக்கும் அதுவே பெயர். எங்களுடையது கழுதைக்காடு. உப்புப் பொதி சுமந்து வந்த கழுதைகளை அங்கேதான் அவிழ்த்து மேயவிட்டார்களாம். வரலாறு நன்றாகத்தான் இருக்கிறது. கல்லூரியில் அதனால் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால் எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோது, ஜாதகத்தோடு அனுப்பும் விவரத்தாளை நானே டைப் செய்தேன். முகவரியில் 'நந்தவனத் தோட்டம்' என்று போட்டேன். வீட்டில் யாரும் அதைப் படித்துப் பார்க்கவில்லை.

காங்கேயம் பக்கத்து வரன் ஒன்று பொருந்தி வந்தது. மாப்பிள்ளையோடு இரண்டு தடவை போனில் பேசினேன். பிடித்துப்போயிற்று, மறைப்பானேன். அடுத்தது விசாரிப்பு. பெண் வீட்டாருக்குச் சொல்லாமல் ஊருக்குள் வந்து, டீக்கடையில் நாலு வார்த்தை கேட்டுப்போவது எங்கள் வழக்கம். மூன்றாம் நாள் தரகர் போன் செய்தார். நந்தவனத் தோட்டத்தை ஊரில் ஒருத்தருக்கும் தெரியவில்லையாம். அப்பா பெயரில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களாம். சொந்த ஊரிலேயே யாருக்கும் தெரியாத குடும்பத்தில் சம்பந்தம் வேண்டாம் என்றுவிட்டார்களாம்.

அப்பா ஒன்றும் புரியாமல் உட்கார்ந்துவிட்டார். நான் போய் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கழுதைக்காடு என்ன பாவம் பண்ணுச்சு கண்ணு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு அவர் திட்டியே இருக்கலாம்.

மாப்பிள்ளையின் அம்மாவுக்கு நானே போன் செய்தேன். பெயரை மாற்றியது நான்தான், வீட்டாருக்குத் தெரியாது என்றேன். கழுதைகளையும் உப்பையும்கூட விடவில்லை. மறுபடியும் விசாரித்துவிட்டுச் சொல்கிறோம் என்று போனை வைத்துவிட்டார்.

விசாரித்தார்கள். கழுதைக்காடு என்றதும் ஊரே வாயைத் திறந்திருக்கிறது. பெரியப்பாவோடு வரப்புத் தகராறு, என் முன்கோபம், ஒன்றும் பாக்கியில்லை. அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் பெண் பார்க்க வந்தார்கள்.

காபி கொடுத்தபோது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தண்ணியில்லாத வருசத்துல ஊருக்கே உங்கப்பா கெணத்தைத் தொறந்து உட்டாராமா. கழுதைக்காட்டுத் தண்ணி குடிச்சுத்தான் பொழச்சோம்னு எல்லாரும் சொல்றாங்க அம்மணி. அந்தப் பேரையா மறைச்சுப்போட்டே?"

அப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.