மூன்று எழுத்தும் ஒரு மூட்டையும்

இலங்கையில் எங்கள் கித்துல்கலயில் வெளிநாட்டுக்காரர்கள் படம் பிடிக்க வந்தபோது, ஆற்றங்கரையில் மூட்டை சுமக்கும் கூட்டத்தில் என்னையும் நிறுத்தினார்கள். இரண்டு நாள் வேலை. பல வருஷமாக எங்கள் றப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், அதைச் சொல்லிச் சொல்லி, மூட்டை சுமந்தவன் கதாநாயகனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். ஆதாரம்தான் இல்லை.

அந்தக் குழுவில் பழக்கமான ஒரு வெள்ளைக்காரர், போன வருஷம் இங்கிலாந்திலிருந்து படத்தின் புளூ-ரே தட்டை அனுப்பிவைத்தார். என் மனைவியின் தம்பியிடம் கொரியாவில் வேலை செய்து திரும்பும்போது கொண்டுவந்த புளூ-ரே மெஷின் இருந்தது. வேறென்ன வேண்டும்? போயா தினம், பௌர்ணமி விடுமுறை, றப்பர் பால்வெட்டு இல்லை. லயமே அவன் வீட்டில் வந்து உட்கார்ந்தது. ஓய்வுபெற்ற கங்காணிக்கு முன்வரிசை நாற்காலி.

தட்டைப் போட்டேன். திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: இந்தத் தட்டு இந்தப் பிராந்தியத்துக்கானதல்ல.

தட்டை எடுத்து இடுப்பிலிருந்த சாரத்தில் துடைத்தேன். ஊதினேன். பழைய டிவிடி மெஷினில் திணித்தேன். அது தட்டே இல்லை என்று சாதித்தது. கொரிய மெஷினின் மெனுவுக்குள் நுழைந்து, நாட்டின் பெயரை இங்கிலாந்து என்று மாற்றினேன். மசியவில்லை. அது பிள்ளைகள் பார்க்கக்கூடாத படங்களைத் தடுக்கிற இடமாம், பிறகுதான் தெரிந்தது.

மைத்துனன் தட்டின் உறையைத் திருப்பிப் பார்த்தான்.

"மச்சான், இதுல B-ன்னு போட்டிருக்கு. மெஷினுக்கு அடியில A. கொரியாவுக்கு A-வாம்."

"நம்ம நாட்டுக்கு?"

போனில் தேடினான். "C."

மெஷின் A, தட்டு B, நான் C. படம் பிடித்த ஆறு பக்கத்தில்தான் ஓடுகிறது, சத்தம்கூடக் கேட்டது. அதை இங்கே உட்கார்ந்து பார்க்க முடியாதென்றால் எப்படி? இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை. தான் இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்பது மெஷினுக்குத் தெரியாதாம். எந்த ஊரில் விற்பதற்காகச் செய்தார்கள் என்பது மட்டும் தெரியுமாம்.

"நடிச்சவருக்கே விசா கெடைக்கல போல" என்று கங்காணி எழுந்து போனார்.

மூன்று மாதம் கழித்து, குவைத்தில் வேலை செய்யும் கொழுந்தியா அங்கிருந்து ஒரு மெஷினோடு வந்தாள். குவைத்தும் B-யாம். லயம் மறுபடி கூடியது. இந்த முறை படம் ஓடியது. ஆறு வந்தது. றப்பர் மரங்கள் வந்தன. மூட்டையும் வந்தது. மூட்டைக்குக் கீழே இரண்டு கால்கள். முகம் இருக்கவேண்டிய இடத்தில் முழுக்க மூட்டை.

"காலு உங்களதுதாங்க" என்றாள் மனைவி ஆறுதலாக.

"மூட்டை நல்லா நடிச்சிருக்கு" என்றார் கங்காணி.

என் வாய் சும்மா இருக்குமா? "இது B நாடுகளுக்கு வெட்டுன படங்க. நம்ம C தட்டுல என் மூஞ்சி முழுசா வரும்."

ஒரு கணம் நம்பிவிட்டார்கள். நானும்தான்.

"அப்படியா அத்தான்? அப்ப C தட்டு எங்கயாவது இருந்தா நானே தேடி வரவழைக்கிறேன்" என்றாள் கொழுந்தியா. போனை அப்போதே எடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து தபால்காரர் லயத்துப் பக்கம் ஏறி வந்தால், தட்டு வேறு யார் கைக்கும் போகுமுன் பிடித்துவிட முதலில் ஓடுகிறவன் நான்தான்.